கல்கத்தா கோப்பைக்கு 150 வயது: கொல்கத்தா கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப்பின் நிர்வாகக் குழுவினருக்கும், அதன் ரக்பி பிரிவினருக்கும்,

வணக்கம்.

1879 மார்ச் 10 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கல்கத்தா கோப்பைக்காக முதன்முதலாக ரக்பி ஆடின. ஆளுக்கு ஒரு கோல், ஆட்டம் டிரா. 2029 மார்ச் 10, சனிக்கிழமையன்று, அதற்கு 150 ஆண்டு நிறைகிறது. கோப்பையில் பொறித்திருக்கும் ஆண்டு 1878. ஆகவே 2028 கிறிஸ்துமஸிலிருந்து 2029 மார்ச் வரையிலான பதினோரு வாரங்களை விழாக்காலமாக வைத்துக்கொள்ளலாம். அதை எப்படிக் கொண்டாடுவது என்பது பற்றித்தான் இந்த மடல்.

நாங்கள் தமிழ்நாட்டில் ரக்பி ஆடுகிறவர்கள், நடுவராக நிற்கிறவர்கள், திடல் பார்க்கிறவர்கள். வெள்ளிப் பட்டறை வேலை தெரிந்த நண்பர்கள் சிலரும் உடன் இருக்கிறார்கள். 1924-இல் தொடங்கிய அகில இந்தியப் போட்டியின் வழியாகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் நெடுநாள் உறவு உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறோம். தமிழ்நாட்டு ரக்பிக்காரர்களும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதி, வெளிப்படையாக வைக்கிறோம்.

1872 கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் பக்கத்துக்கு இருபது பேராக ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில், உங்கள் கிளப்பின் முன்னோடியாக, ரக்பிக்கென்றே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. 137 உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். 1874-இல் லண்டனில் இருந்த ரக்பி ஒன்றியத்திலும் அது இணைந்தது. பிறகு சரிவு. ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டிருந்த ராணுவப் பிரிவு ஊரைவிட்டுப் போனது, கிளப்பில் இலவச மது நின்றது, வெயிலுக்கு ஒத்துவந்த டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுத்துக்கொண்டன. 1877 டிசம்பர் 20 அன்று, கிளப்பின் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்த ஜேம்ஸ் ராத்னி ரக்பி ஒன்றியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பில் மிச்சமிருக்கும் பணத்தில், ஏறத்தாழ 60 பவுண்டு, இந்திய வேலைப்பாடு கொண்ட ஒரு கோப்பை செய்து தருகிறோம், ஆண்டுதோறும் அதற்காக ஆடுங்கள் என்பது அதன் சாரம். வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கினார்கள். கிளப்புகள் போட்டியிட்டு வெல்லும் கோப்பையாக அது இருக்க வேண்டும் என்பது ராத்னியின் எண்ணம். ஒன்றியமோ அதை இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு என்று ஒதுக்கிவிட்டது.

மூடப்போகிற ஒரு கிளப் கடைசிப் பணத்தை ஒரே இரவு விருந்தில் செலவழித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அதை நின்று நிலைக்கும் பொருளாக மாற்றினார்கள். 150-ஆம் ஆண்டு விழாவுக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும் என்று கேட்கிறோம். நட்சத்திர ஓட்டல் விருந்து, நினைவுப் பரிசு, பளபளப்பான மலர் ஆகியவற்றுக்குப் பணம் போவதற்கு முன்னால் நான்கு காரியங்களுக்கு ஒதுக்குங்கள்: கோப்பையின் சரியான நகல் ஒன்று, 1872 ஆட்டத்தின் மறு ஆட்டம், அதற்கும் பிறகு வரும் ஆண்டுகளுக்கும் பயன்படும் திடல், பழைய தாள்களின் பாதுகாப்பு.

முதலில் கோப்பை. உயரம் சுமார் 45 செ.மீ. கைப்பிடியாக மூன்று ராஜநாகங்கள், மூடிமேல் அம்பாரியோடு ஒரு யானை, மரப் பீடத்தில் ஆண்டும் வென்ற நாடும் தலைவர்கள் பெயரும் பொறித்த தகடுகள். கோப்பை 1878-ஐச் சேர்ந்ததானாலும் பீடத்துப் பட்டியல் 1871-இன் முதல் சர்வதேச ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறது. நகல் செய்கிறவர்கள் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது.

மூலக் கோப்பையின் உடல்நிலை நன்றாக இல்லை. 1988-இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, இரு அணி வீரர்கள் அதைத் தெருவில் பந்துபோல உதைத்து நசுக்கியது ஊரறிந்த கதை. தட்டி நிமிர்த்தினார்கள். ஆனால் வெள்ளியை நிமிர்த்துவது சும்மா நடப்பதில்லை. அடிபட்ட இடம் இறுகிப்போகும். அதை இளக்கச் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூடு பக்கத்திலுள்ள பழைய பற்றவைப்பைத் தளர்த்திவிடும். நாகக் கைப்பிடி உடலோடு சேரும் இடங்கள்தான் இதில் முதலில் விட்டுப்போகும். இதனால்தான் மூலத்தை அதிகம் வெளியே எடுப்பதில்லை. நகல்கள் ஊர் சுற்றுகின்றன. ஆகவே மூலத்தை விழாவுக்குக் கொண்டுவருவது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது அளவுகள்: எல்லாப் பக்கத்திலிருந்தும் முப்பரிமாண ஸ்கேன், பீடம் நீக்கிய வெள்ளியின் எடை, எக்ஸ்-கதிர்க் கருவியால் நான்கைந்து இடங்களில் எடுத்த மாற்று அளவு, அதாவது வெள்ளியின் தூய்மை. மாற்று அளவு பார்க்கச் சுரண்ட வேண்டியதில்லை, பொருளுக்குச் சேதமும் இல்லை.

எடை ஏன் முக்கியம் என்றால், கோப்பைக்கு 270 ரூபாய் நாணயங்கள் உருக்கப்பட்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 270 நாணயம் என்றால் 3 கிலோ 148 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 2 கிலோ 886 கிராம். ஆனால் 1877-இல் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 1 ஷில்லிங் 9 பென்ஸ்தான் விலை. அந்தக் கணக்கில் 60 பவுண்டு என்பது 685 ரூபாய். 270 உலைக்குப் போனது என்றால், மீதி 400-க்கு மேற்பட்ட ரூபாய் கூலிக்கும் பீடத்துக்கும் கப்பலுக்கும் போயிருக்க வேண்டும். தராசு இதை ஒரே நாளில் தீர்த்துவைக்கும். வெள்ளி 3.1 கிலோவுக்கு அருகில் நின்றால் வழக்கில் உள்ள கணக்கு சரி, வேலைக்கு நல்ல கூலி போயிருக்கிறது. 5 கிலோவைத் தாண்டினால் அந்தக் கணக்கையே மாற்றி எழுத வேண்டும். 150 ஆண்டு விழாவில் இதைவிடப் பொருத்தமான ஆய்வு எங்களுக்குத் தெரியவில்லை.

நகலைக் கொல்கத்தாவிலேயே, கையால் செய்ய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பவானிபூர் வெள்ளி வேலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அந்த ஊருக்கு வெளியே இந்த வேலையைக் கொடுப்பது முறையல்ல. நாணய மாற்றிலேயே, அதாவது ஆயிரத்துக்கு 916-இல் உருக்கச் சொல்லுங்கள். இன்று கடைகளில் வழங்கும் 925-இல் செய்தால் வேலை எளிது, ஆனால் அது ரூபாய் வெள்ளி ஆகாது. உடலுக்கு 1 முதல் 1.2 மி.மீ. தகடு போதும். தட்டி எழுப்பும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் 600–650 டிகிரிக்குச் சூடாக்கி இளக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு சுற்றைத் தாண்டினால் விளிம்பில் வெடிப்பு விடும், பிறகு அதை ஒட்டித்தான் ஆக வேண்டும். நகாசு வேலைக்கு உள்ளே அரக்கு நிரப்புவார்கள். அரக்கு குளிர்ந்து சுருங்கித் தகட்டைவிட்டு விலகியிருந்தால் உளி விழும் இடம் பள்ளமாகும். நாகமும் யானையும் மெழுகு வார்ப்பு. பற்றவைக்கப் பொடிவைத்து ஊதும்போது அதிகச் சூட்டில் உருகும் பொடியை முதல் இணைப்புக்கும், குறைந்த சூட்டில் உருகுவதைக் கடைசி இணைப்புக்கும் வைக்க வேண்டும். வரிசை மாறினால் மூன்றாவது நாகத்தை ஒட்டும்போது முதல் நாகம் கழன்று கையில் வரும். மூன்று கைப்பிடியும் 120 டிகிரி இடைவெளியில் நிற்க வேண்டும் என்பதால், ஊதுவதற்கு முன் இரும்புச் சட்டத்தில் கட்டிக்கொள்வது நல்லது. அடிப்பக்கத்தில் செய்த பட்டறையின் பெயரும் ஆண்டும் பொறித்துவிடுங்கள். கோப்பையை யார் யார் வென்றார்கள் என்று பீடம் முழுக்கப் பெயர்கள் இருக்கின்றன. செய்த கையின் பெயர் ஒருமுறையாவது வரட்டும்.

மூலமும் வரட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், மார்ச்சைக் கேட்காதீர்கள். பிப்ரவரி–மார்ச்சில், இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டமும் அடங்கிய ஆறு நாடுகள் போட்டி நடக்கும். அப்போது கோப்பை அங்கே இருந்தாக வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை கேளுங்கள். கோப்பை அந்த ஆண்டில் வென்ற நாட்டின் பொறுப்பில் இருக்கும் என்பதால் இங்கிலாந்து ரக்பியின் தலைமையிடமான ட்விக்கன்ஹாம், ஸ்காட்லாந்து ரக்பியின் தலைமையிடமான மரேஃபீல்ட் இரண்டுக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்புவது நல்லது. கண்காட்சிப் பொருளாகத் தற்காலிகமாகக் கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கைவினைப் பொருளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்தான். அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகத் தனியாருக்கு உரிமையில்லை. உள்ளே வரும்போதே, இது தற்காலிகமாக வந்தது, திரும்பப் போகவிருப்பது என்று புகைப்படத்தோடும் அளவுகளோடும் சுங்கத்திலும் தொல்லியல் துறையிலும் பதிவு செய்யாவிட்டால், திரும்பும் நாளில் விமான நிலையத்தில் நின்றுவிடும். இங்கே செய்த பொருள் என்பதால் கேள்வி இன்னும் கூடும். இந்த எழுத்து வேலையைக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

காட்சிப் பெட்டி பற்றிச் சுருக்கமாக. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கொல்கத்தாவின் வாகனப் புகை ஒரு பக்கம். பெட்டிக்குள் விரிக்கும் கம்பளி, ஃபெல்ட் துணி, ரப்பர் விளிம்பு எல்லாம் உள்ளேயே கந்தகம் விடுகிறவை. வெளுக்காத பருத்தித் துணிதான் விரிக்க வேண்டும். 60×60×90 செ.மீ. பெட்டிக்கு, ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்ற கணக்கில், ஈரத்தை உறிஞ்ச ஆறரை கிலோ சிலிக்கா ஜெல் வேண்டும். படத்துக்குப் பிடிக்கும்போது யாரும் நாகங்களைப் பற்றித் தூக்கக் கூடாது. ஒரு கை பீடத்தின் அடியில், ஒரு கை உடலில், கையுறையோடு. கறுத்துவிட்டால் விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பும் நகாசின் ஓரத்தை மழுக்கிக்கொண்டே போகும்.

இனி ஆட்டம். 2028 டிசம்பர் 25 திங்கட்கிழமை. பக்கத்துக்கு இருபது பேர், 1871-இல் ரக்பி ஒன்றியம் எழுதிய 59 விதிகளின்படி. கோல் கம்பத்துக்குச் செலவே இல்லை: 1871 விதியில் கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம், குறுக்குச் சட்டம் 10 அடி உயரம், இன்றைய 5.6 மீட்டரும் 3 மீட்டரும் அதே அளவுதான். மற்றதெல்லாம் வேறு. கோல்கள் மட்டுமே கணக்கு. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் டிரைக்குப் புள்ளி கிடையாது, கோலுக்கு உதைக்கும் வாய்ப்பு மட்டும் கிடைக்கும். அணி அமைப்புக்கு 1871-இல் இங்கிலாந்து நின்ற விதத்தையே எடுத்துக்கொள்ளலாம்: 13 முன்வரிசைக்காரர்கள், 3 ஹாஃப்-பேக், 1 த்ரீ-குவார்ட்டர், 3 பேக்.

இன்றைய ஆட்டக்காரர்கள் இதில் தவறுவது, இரு அணியும் கூடி நின்று பந்துக்காகத் தள்ளும் ஸ்கிரம்மில்தான். பழக்கத்தில் தலையைக் குனிந்து தோளைக் கொடுத்து, பந்தைக் குதிகாலால் பின்னே தள்ளிவிடுவார்கள். 1872-இல் அது கிடையாது. நிமிர்ந்து நின்று, கூட்டமாகத் தள்ளி, பந்தைக் காலால் முன்னே உருட்டிக்கொண்டு எதிராளியின் கூட்டத்தைப் பிளந்து வெளியே வருவதுதான் ஆட்டம். பிடிபட்டவன் ‘டவுன்’ என்று குரல் கொடுத்துப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். அங்கேயே அடுத்த ஸ்கிரம். இரண்டு பயிற்சி நாளில் இது கைவராது. குறைந்தது ஐந்து, ஆறு நாள் வேண்டும், அதில் பாதி நேரம் ஸ்கிரம்முக்கே. கோலுக்கு உதைக்கும்போது, பந்தை நிறுத்திவைக்கும் பிளாஸ்டிக் தாங்கி (டீ) கூடாது. குதிகாலால் குழி போட்டு, இன்னொருவர் பந்தைப் பிடித்து வைக்க வேண்டும். பந்து தரையைத் தொட்டதும் எதிரணி ஓடிவரலாம் என்பதால் வைப்பவரும் உதைப்பவரும் சேர்ந்தே பழக வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் வரலாறு பேச வேண்டாம். தோளுக்கு மேல் பிடிப்பது அன்று அனுமதிக்கப்பட்டது, இன்று விடாதீர்கள். வாய்க்காப்பு கட்டாயம். அன்று நடுவர் இல்லை, அணித்தலைவர்களே தீர்த்துக்கொண்டார்கள். நீங்கள் விசிலோடு ஒருவரைக் களத்தில் நிறுத்துங்கள், தலையில் அடிபட்டவரை வெளியே அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். பாதிக்கு 25 நிமிடம் போதும். நாற்பது பேர் ஒரே பந்தைச் சுற்றி நிற்கும் ஆட்டத்தில் அதற்கு மேல் போனால் களைப்பில்தான் காயம் வரும்.

பந்து தோலில், நான்கு துண்டாகத் தைத்தது, இன்றையதைவிடக் குண்டாக இருக்க வேண்டும். பந்தின் அளவை விதிகள் நிர்ணயித்தது 1892-இல்தான். அதற்கு முன் அது பிளம் பழ வடிவம். உள்ளே ரப்பர்ப் பை வைக்கலாம், அதில் காலப் பிழை இல்லை: ரக்பி நகரத்துச் செருப்புத் தொழிலாளி ரிச்சர்ட் லிண்டன் 1860-களிலேயே பன்றிச் சிறுநீர்ப்பையை விட்டு ரப்பருக்கு வந்துவிட்டார். டிசம்பர் பனியில் தோல் நனைந்து கனக்கும். மூன்று பந்து செய்து, பாதி ஆட்டத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள், மூன்றாவது கையிருப்பு.

திடலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ராத்னி காலத்துக் கிளப்பைச் சாய்த்ததில் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. கொல்கத்தாவில் ரக்பிக்கு ஏற்றது மழைக்காலம், தரை இளகியிருக்கும் மாதங்கள். டிசம்பரில் அந்த வண்டல் களிமண் காய்ந்து இறுகிவிடும். போதாததற்கு அது கிரிக்கெட் பருவம்; கனத்த ரோலர் ஓடியிருக்கும். அந்தத் தரையில் இருபது பேர் சேர்ந்து விழுந்தால் தோள்பட்டை எலும்பு உடையும். தீர்வு செப்டம்பர் கடைசியிலேயே தொடங்க வேண்டும், மழை விட்டதும், அருகம்புல் இன்னும் வேகமாக வளரும்போதே: பத்து செ.மீ. ஆழத்துக்கு மண் குழல்களை உருவி எடுத்து, 3 முதல் 5 மி.மீ. கனத்துக்கு ஆற்றுமணல் பரப்பி, குழிக்குள் இறங்கும்படி இழுத்துவிட வேண்டும். நவம்பரில் செய்தால் இரவுக் குளிரில் புல் மூடாது, மணல் வெறும் மணலாகவே கிடக்கும். ரக்பி எல்லைக்குள் அக்டோபருக்குப் பிறகு ரோலர் வேண்டாம். புல் உயரம் 35–40 மி.மீ. இருக்கட்டும், கிரிக்கெட்டுக்கு வெட்டுவதுபோல வெட்டினால் மெத்தை போய்விடும்.

ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று இரவு தண்ணீர் விடுங்கள். மொத்தம் 25 மி.மீ.; 100×70 மீட்டர் திடலுக்கு 1,75,000 லிட்டர், இரவுக்கு சுமார் 58,000. ஒரே இரவில் விட்டால் களிமண் மேலே சேறாகும், கீழே கல்லாகவே இருக்கும். கடைசி இரவு தண்ணீர் வேண்டாம், பனியே போதும். ஆடுமுன் ஒரு பேனாக்கத்தி 5 செ.மீ. எளிதாக இறங்குகிறதா என்று பத்து இடத்தில் பார்த்துவிடுங்கள். கிரிக்கெட் பிட்ச் எல்லைக்குள் வருமானால் எல்லையை நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லை என்றால் திடலைக் குறுக்குங்கள். பிட்ச்சின் மேல் தார்ப்பாய் விரித்து ஆட யாராவது யோசனை சொல்வார்கள். அதில் வழுக்கி விழுந்தால் முட்டிச் சவ்வு கிழியும்.

தாள்களைப் பற்றி ஒன்றிரண்டு. கிளப் கூட்டக் குறிப்பேடுகள், அணிப் படங்கள், ஆட்ட அட்டைகள், 1884-இல் ஊரில் ரக்பி மறுபடி தொடங்கியதும் 1890-இல் உள்ளூர்க் கல்கத்தா கோப்பை வந்ததுமான காலத்துக் காகிதங்கள் எவை கிடைத்தாலும், லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே அமிலம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒட்டுநாடாவும் கூடாது. முதலில் 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன், பிறகு அமிலமில்லாத உறை. படத்தின் பின்னால் எழுதுவது மென்மையான பென்சிலால், ஓரத்தில். முகங்களுக்குப் பெயர் கேட்பதை முதல் வேலையாக எடுங்கள். எண்பது வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் மலர் வெளியீடு வரை காத்திருக்க மாட்டார்கள். ஆட்டக்காரர்களின் பெயரோடு நிறுத்தாமல் திடல் பார்த்த மாலிகள், பந்து தைத்தவர்கள், சமையற்காரர்கள் பெயரையும் கேளுங்கள்.

கண்காட்சிப் பலகையில் ஒரு விஷயம் ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும். 1873-இன் கிளப் ஆட்சியாளர்களின் கிளப். அதைக் கொண்டாடும்போது அதை மறைக்க வேண்டியதில்லை; அதன் பிறகு இந்த ஆட்டம் யார் கைக்கு வந்தது என்பதைப் பக்கத்திலேயே காட்டினால் போதும். 2004-இல் தொடங்கிய ஜங்கிள் க்ரோஸ் இதே ஊரின் எளிய வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வளர்ந்த அணி. 2019-இல் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21–19 என்று வென்றதுதான் பதினைவர் ஆட்டத்தில் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. மறு ஆட்டத்தின் இரு அணிகளிலும் ஊரின் பெருந்திடலான மைதானில் ஆடும் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாதி இடம் கொடுங்கள். அன்று காலையில் ஒரு பெண்கள் ஆட்டம் வையுங்கள், அதே திடலில், அதே பார்வையாளர்கள் முன்னால். புதிய வெள்ளிக் கோப்பை கண்ணாடிக்குள் உட்கார வேண்டாம். ராத்னி கேட்டு ஒன்றியம் மறுத்ததை நீங்கள் செய்யலாம்: இந்தியக் கிளப்புகள் ஆண்டுதோறும் ஆடி வெல்லும் கோப்பையாக அதை வையுங்கள். கையாளும்போது பீடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் முதல் விதியாக எழுதிவிடுங்கள்.

வெள்ளி வேலைக்கு எட்டு மாதம், ஸ்கேனுக்கும் அனுமதிக்கும் அதற்கு முன் ஆறு மாதம் என்று வைத்தால், ட்விக்கன்ஹாமுக்கும் மரேஃபீல்டுக்கும் கடிதம் போக வேண்டிய காலம் 2027 செப்டம்பர். குழு அமைக்கும்போது பட்டறைக்காரர் ஒருவரையும் தலைமை மாலியையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து இருபது பேரில் ஐவரையும், திடல் வேலைக்கு இருவரையும், பொடிவைத்து ஊதும் நாளில் கூட நிற்க ஒருவரையும் எங்கள் செலவில் அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டு ரக்பி ஆட்டக்காரர்கள், நடுவர்கள், திடல் பராமரிப்போர்